சாக்லேட் கிச்சனில் ஆஸ்ட்வால்டு

திருச்சியில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தபோது ஆஸ்ட்வால்டு என்ற வேதியியலாளரின் படிநிலை விதியை ஐந்து மார்க்குக்காக நெட்டுருப் போட்டு எழுதியிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது சிங்கப்பூர் வந்து, ஊபியில் ஒரு சாக்லேட் கிச்சனில் திட்டு வாங்கிய அன்றுதான்.

சேர்ந்த முதல் வாரம். தீபாவளி ஆர்டர், சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். உருக்கிய சாக்லேட்டை நேரே அச்சில் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டேன். இறுகினால் சரிதானே என்ற நினைப்பு. இறுகத்தான் செய்தது. ஆனால் அச்சைக் கவிழ்த்துத் தட்டினால் ஒன்றுகூட விழவில்லை. கத்தியால் நெம்பி எடுத்தவையும் பளபளப்பில்லாமல், சாம்பல் கோடு ஓடி, விரல் பட்ட இடத்தில் பிசுபிசுத்தன. ஈப்போக்காரரான தலைமை அண்ணன் ஒன்றை ஒடித்துப் பார்த்தார். ‘டக்’கென்று ஒடியாமல் களிமண்ணாட்டம் வளைந்தது.

“தம்பி, அவசரப்பட்டா இப்படித்தான். எல்லாத்தையும் திரும்ப உருக்கு.”

சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகமாக உறையும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். அதனால் கையில் நிற்கும், வாயில் கரையும். ஆனால் திரவத்தைச் சடாரென்று குளிரவைத்தால் அது முதலில் வராது. உருகுநிலைக்குக் கீழே போன திரவம் உடனே உறைந்துவிடுவதில்லை. தூசி தும்பு இல்லாத மிக நுண்ணிய நீர்த்துளிகள் பூச்சியத்துக்குக் கீழே 38 டிகிரி வரைகூடத் தண்ணீராகவே நிற்கும். உறைவதற்கு முதலில் ஒரு படிகக் கரு, அதாவது படிகம் வளரத் தொடங்கும் ஒரு சின்ன மையம், வேண்டும். கரு சின்னதாக இருக்கும்வரை அதன் மேற்பரப்புக்கு ஆகும் ஆற்றல் செலவுதான் அதிகம். அதனால் தோன்றிய கருக்களில் பெரும்பாலானவை திரும்பக் கரைந்துவிடும். எந்த வடிவத்தின் அமைப்பு திரவத்துக்கு நெருக்கமோ, அதற்கு இந்தச் செலவு குறைவு. அதனால் நிலையில்லாத வடிவம் முந்திக்கொள்ளும். நிலையானது பின்னால்தான் வரும். 1897-இல் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு சொன்னது இதைத்தான். எப்போதும் இப்படியே நடக்கும் என்பதில்லை, இது ஒரு பொதுப்போக்கு. அந்த வரியைப் பரீட்சையில் எழுத மறந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

என் ஃபிரிட்ஜ் செய்த வேலையும் அதுதான். மட்டமான வடிவங்கள் முந்திக்கொண்டன.

அண்ணன் ஆஸ்ட்வால்டு பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த விதியை ஏமாற்றும் வித்தை அவர் கையில் இருந்தது. டார்க் சாக்லேட்டை 45-க்கு மேல் உருக்கி, பழைய படிகங்களையெல்லாம் அழிப்பார். பெரும்பகுதியைக் கல்மேடையில் ஊற்றி, அகலக் கரண்டியால் பரப்பி, வழித்து, மறுபடி பரப்பி, 27 வரை இறக்குவார். அப்போது நல்லதும் கெட்டதுமாகக் கருக்கள் பிறக்கும். பிறகு மிச்சத்தோடு சேர்த்து 31-க்கு ஏற்றுவார். கெட்டவை உருகிப்போகும், ஐந்தாவது மட்டும் தங்கும். கத்தி முனையை அதில் தோய்த்து மேடையோரம் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் முனை பளபளவென்று இறுகியது. “இப்ப ஊத்து.” இந்த முறை அச்சைக் கவிழ்த்ததும் சரசரவென்று உதிர்ந்தன. ஐந்தாம் வடிவம் நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் சுருங்கி அச்சைவிட்டு விலகிவிடுகிறது.

கிச்சனில் ஏசி 20-இல் ஓடும், வெளியே மதியம் 32. இந்த ஊரில் சாக்லேட் தொழில் நடப்பதே எனக்கு ஆச்சரியம்தான்.

அங் மோ கியோவில் வாடகைக்கு எடுத்த அறையில் சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்கார ஆன்ட்டியின் நிபந்தனை. எனக்கென்று சொந்தமாக இருந்த சமையல் பொருள், தேக்காவில் வாங்கிய ஒரு பாட்டில் நெய் மட்டும்தான். வீடியோ காலில் அதைப் பார்த்த அம்மா, “என்னடா மணல் மணலா இல்லாம மாவாட்டம் இருக்கு, கலப்பட நெய்யா?” என்றாள். கலப்படமில்லை, இதுவும் ஃபிரிட்ஜ் வேலை. வேகமாகக் குளிர்ந்தால் ஏகப்பட்ட கருக்கள், எல்லாமே பொடிப்பொடியாக. ஊரில் ராத்திரி முழுக்க மெதுவாக ஆறுவதால் கொஞ்சம் கருக்கள்தான், ஒவ்வொன்றும் பெரிசாக வளரும்.

அன்று ராத்திரி பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கி, துண்டில் சுற்றி, அலமாரி மூலையில் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்து ஸ்பூனை விட்டேன். அடியில் நறநறவென்றது. அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் பல் விளக்கப் போனேன்.