வெள்ளவத்தையில் ஒரு நெடுந்தீவு

இராமேஸ்வரம் கரையிலிருந்து நெடுந்தீவுக்குக் கடல்வழித் தூரம் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. கொழும்பிலிருந்து அதே தீவுக்குப் போவதென்றால் யாழ்ப்பாணம் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ரயிலிலோ பேருந்திலோ சென்று, அங்கிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் பேருந்து பிடித்து, அதன்பின் ஒரு மணி நேரம் படகில் போக வேண்டும். பாம்பனில் பிறந்து வளர்ந்த நான், எங்கள் வீட்டு ஆண்கள் கடலில் திசை சொல்வதற்குப் பயன்படுத்திய ஒரு பெயராக மட்டும் அறிந்திருந்த அந்தத் தீவைப் பற்றி, திருச்சியிலிருந்து விமானமேறிக் கொழும்பில் குடியேறிய பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் கணவரின் வேலை எங்களை இங்கே கொண்டுவந்தது. 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் இருந்தவர்கள் எழும்பூரிலேயே கொழும்புக் கோட்டைக்குச் சீட்டு வாங்கி, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் கடந்து வந்ததைப் பற்றி என் பாட்டனார் அலுக்காமல் பேசுவார். எங்களுக்கு வாய்த்ததோ வதிவிட விசாவும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் அலைச்சலும்தான்.

குடியேறிய புதிதில் ஏற்பட்ட சிரமங்களைப் பற்றி அதிகம் எழுதுவதற்கு இல்லை. காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்கப் பேருந்தும், காலையில் பாணும் சம்பலும், கடைக்காரரிடம் மிச்சம் கேட்கும் அளவுக்கான சிங்களமும் சில மாதங்களில் பழகிவிட்டன. பழகுவதற்கு நாள் பிடித்தது வேறொன்று. கொழும்பின் ஒரு பகுதியான வெள்ளவத்தையில் அறிமுகமாகும் தமிழர் எவரும் உங்கள் தொழிலைக் கேட்பதற்கு முன்பாக ஊரைக் கேட்பார்கள். அதற்குக் கொழும்பு என்று பதில் சொல்வதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று தலைமுறையாக இந்த நகரத்தில் வாழ்பவர்கூடத் தம்மைக் காரைநகர், புங்குடுதீவு, வேலணை என்றுதான் சொல்லிக்கொள்கிறார். இந்தத் தீவுகளைச் சேர்ந்த தீவகத்தார் ஒரு காலத்தில் தென்னிலங்கையின் சிறு நகரங்கள் வரை சென்று கடை வைத்திருந்தார்கள் என்பதும், 1958இலும் 1977இலும் 1983இலும் தமிழருக்கு எதிரான கலவரங்களில் அந்தக் கடைகள் எரிந்தன என்பதும் தெரிந்த பிறகு, அந்தக் கேள்வி வெறும் விசாரிப்பாக எனக்குத் தோன்றவில்லை. எரிந்த கடையை விட்டு அவர்கள் திரும்பிப் போனது ஊருக்குத்தான்.

எங்களுக்கு மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்தவர் நெடுந்தீவில் பிறந்து, பல ஊர்களில் கற்பித்து, ஓய்வுபெற்றுக் கொழும்புக்கு வந்த ஆசிரியை. நான் அவரை டீச்சர் என்பேன்; அவர் என்னைப் பிள்ளை என்பார். இருவரும் கத்தோலிக்கர் என்பதால் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சேர்ந்து போகத் தொடங்கினோம். போகும் வழியிலும் வரும் வழியிலும் அவர் பேசியதெல்லாம் ஊரைப் பற்றியே.

அவர் சொன்ன தீவில் முதலில் வருவது கல்தான். நெடுந்தீவின் வேலிகள் கிடுகாலோ முள்ளாலோ ஆனவை அல்ல; சாந்து எதுவும் இல்லாமல், பவளப்பாறைக் கற்களான முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பப்பட்டவை. காற்று அந்த இடுக்குகளில் நுழைந்து வெளியேறுவதால் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களிலும் அவை சாய்வதில்லை என்று டீச்சர் விளக்கினார். போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுத்தீவு என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணை லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று, நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் இன்றும் அரசாங்கத் தாள்களில் உயிரோடிருப்பது பெரும்பாலும் டெல்வ்ற் மட்டுமே. ஒல்லாந்தர் விட்டுச் சென்றவற்றில் முருகைக்கல் கோட்டையும், மருத்துவமனைக்கு அருகிலுள்ள புறாக்கூடும் எஞ்சியிருக்கின்றன. ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் தீவின் தெற்கு வெளிகளில் கட்டற்றுத் திரிகின்றன. கோடையில் தண்ணீர் வற்றும்போது அவை படும் பாட்டைப் பற்றிப் பேசும்போது டீச்சர் குரலில் உறவினரைப் பற்றிப் பேசும் கவலை தெரியும். நல்ல தண்ணீர் அங்கே எப்போதும் அரிது, சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பியே ஊர் வாழ்ந்தது. அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரத்தையும், பாறையில் பதிந்துள்ள இராட்சதப் பாதத்தையும், ஆண்டுதோறும் வளர்வதாக ஊரார் நம்பும் கல்லையும் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். வளரும் கல்லை அவர் நம்புகிறாரா என்று நான் கேட்டதில்லை.

ஆனால் அவர் நிதானமாக, ஒவ்வொரு முறையும் ஏதாவதொன்றைச் சேர்த்துச் சொல்வது வெடியரசன் கதையை. நெடுந்தீவில் கோட்டை கட்டி அக்கடலை ஆண்ட, முக்குவர் என்னும் கடலோரச் சமூகத்தின் தலைவன் வெடியரசன். காவிரிப்பூம்பட்டினத்தில் கண்ணகிக்குச் சிலம்பு செய்ய நாகமணி தேவைப்படுகிறது; அது தீவுகளில் வாழும் நாகத்திடம் இருக்கிறது; அதைக் கொண்டுவர மீகாமன் என்பவன் கப்பல்களோடு அனுப்பப்படுகிறான். அவன் நெடுந்தீவுக் கடலுக்குள் வரும்போது, என் அனுமதியின்றி இவ்வழியே போகிறவன் யார் என்று வெடியரசன் மறிக்கிறான். போர் நடக்கிறது. வெடியரசன் பிடிபடுகிறான், தம்பியருள் வீரநாராயணன் மாண்டுபோகிறான், இன்னொரு தம்பியான விளங்குதேவன் வந்த பிறகே சண்டை சமாதானத்தில் முடிகிறது. மீகாமன் மணியைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறான். தோற்றவர்களில் ஒரு பகுதியினர் மட்டக்களப்புக்குப் பெயர்ந்தார்கள் என்றும் கதை நீள்கிறது. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரையில் இந்தக் கடற்பயணத்தைச் சொல்லும் கடலோட்டு காதை ஒரு பகுதியாகவே இருக்கிறது. வடக்கில் இது நாட்டுக்கூத்தாகவும் ஆடப்பட்டது. முக்குவருக்கும் இன்னொரு கடலோரச் சமூகமான கரையாருக்கும் இருந்த போட்டியின் சுவடு இதில் உண்டு என்று கருதுவோரும் இருக்கிறார்கள். டீச்சர் அந்தப் பேச்சை விரும்புவதில்லை, ஆனால் மறுப்பதும் இல்லை.

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்த எனக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் இருந்தது என்பதோடு எங்கள் பாடம் நின்றுவிட்டது. அந்த மாணிக்கம் எங்கிருந்து வந்தது, யாருடைய கடலைக் கடந்து வந்தது என்று இளங்கோவும் சொல்லவில்லை, ஆசிரியர்களும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் ஒரு தீவு தன் கதையை வைத்திருக்கிறது. அதைச் சொல்பவர்கள் மணியைக் கொண்டுபோன கப்பலின் தளத்தில் நின்று சொல்வதில்லை, கப்பல் வருவதைக் கரையிலிருந்து பார்த்தவர்களாகச் சொல்கிறார்கள். வெடியரசன் தோற்ற பிறகும் நெடுந்தீவுக்கு அவனே தலைவன். மீகாமன் பெயரிலும் அங்கே ஒரு கோட்டை சொல்லப்படுகிறது என்பது வேறு விஷயம்.

வெடியரசன் கோட்டை என்று ஊரார் காட்டும் இடத்திலுள்ள வட்டமான கல் அடித்தளங்களைத் தொல்லியலாளர்கள் பௌத்த எச்சங்களாக அடையாளம் காண்கிறார்கள். இந்த நாட்டில் ஒரு கல் யாருடையது என்ற கேள்வி கல்லோடு நிற்பதில்லை, ஆகவே அந்த இடத்தில் என்ன பெயர்ப்பலகை வைப்பது என்பதும் சச்சரவுக்குரியதாகிறது. தமிழர் பௌத்தராகவும் இருந்த காலத்துக்கு மணிமேகலையே சான்றாக இருக்கும்போது, அடித்தளம் பௌத்தமாகவும் அதன்மேல் படிந்த கதை வெடியரசனுடையதாகவும் இருப்பதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் படித்த மற்றொரு செய்தி இதைவிட என்னைக் கவர்ந்தது. பக்கத்திலுள்ள நயினாதீவில், 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் பரதேசி (வெளிநாட்டு) வணிகருக்குப் பாதுகாப்பளிக்கும் அந்த ஆணை, யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், பிற சரக்கு ஏற்றிவந்தது உடைந்தால் இருவருக்கும் பாதிப்பாதி என்றும் வகுக்கிறது. வருகிறவர்களோடு எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அந்தக் கடலில் எழுத்தாலான விதியும் இருந்திருக்கிறது, வெடியரசனின் வாளும் இருந்திருக்கிறது.

டீச்சரோடு நான் தீவுக்குச் சென்றபோது குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கையில் அவர் குமுதினியைப் பற்றிச் சொன்னார். 1985 மே 15ஆம் நாள், அந்தப் படகில் நெடுந்தீவிலிருந்து புறப்பட்டவர்களில் குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பயணிகள் எல்லோரும் பொதுமக்கள். அதே படகு திருத்தப்பட்டு, அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே வழியில் ஓடியது. வேறு வழியில்லாததால் இறந்தவர்களின் உறவினர்களும் அதிலேயே போய்வந்தார்கள். மாவிலித்துறையில் இறங்கியதும் நினைவிடத்தில் டீச்சர் பெயர்களைப் படித்தார். இன்று தீவில் இருப்பவர்கள் 4,000 பேர் அளவில்தான். மற்றவர்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றுவிட்டார்கள். ஊரில் பூட்டிக்கிடந்த வீடுகளில் யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை ஒரு மதில் விடாமல் அவரால் சொல்ல முடிந்தது.

அந்தப் பயணத்தில்தான், டீச்சரின் தமையன் வீட்டுத் திண்ணையில், நான் எந்தக் கரைக்காரி என்பது எனக்கு விளங்கியது. பாம்பன் என்று சொன்னதும் பேச்சு ஒரு கணம் நின்றது. பிறகு அந்தப் பெரியவர் கோபமில்லாமல் சொன்னார்: "உங்கட ஆக்கள் திங்கள், புதன், சனி வருவினம், பிள்ளை. அண்டைக்கு எங்கட ஆக்கள் வலை போடமாட்டினம்." இராமேஸ்வரத்து இழுவைப் படகுகள் வாரத்தில் கடலுக்குப் போகும் மூன்று நாட்கள் அவை. கடலடியை வாரிக்கொண்டு வரும் அந்த மடிகளில் இங்குள்ள சிறுதொழிலாளரின் வலைகள் அறுந்து போகின்றன. மீன் குஞ்சுகளும் மிஞ்சுவதில்லை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்துவிட்டது. என் அத்தை கணவர் அத்தகைய ஒரு படகில் பங்குக்குத் தொழில் செய்கிறவர். எங்கள் வீட்டில் இந்தக் கடலைப் பற்றிப் பேசும்போது வரும் சொற்கள் கைது, படகுப் பறிமுதல், துப்பாக்கிச் சூடு ஆகியவை. அறுந்த வலையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அன்றிரவு வெடியரசன் கதையை டீச்சர் தம் பேரப்பிள்ளைகளுக்கு மறுபடி சொன்னார். மீகாமன் எந்த ஊர் என்று ஒரு சிறுவன் கேட்டதற்கு, இந்த மாமியின்ர பக்கம் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

கச்சதீவு இதற்குள் வராமல் இருக்க முடியாது. 285 ஏக்கர் பரப்புள்ள, குடிநீரற்ற அந்தத் தீவில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தோனியாருக்குக் கோயில் எழுப்பினார் என்பார்கள். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு தீவு இலங்கைக்கு உரியதாயினும், திருவிழாவுக்குச் செல்லும் இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையில்லை. 2023 மார்ச்சில் நடந்த விழாவுக்கு டீச்சர் நெடுந்தீவுப் பங்கு மக்களோடு போனார். தங்கச்சிமடத்திலிருந்து என் அத்தையும் போனார். என் புகைப்படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். டீச்சர் பனையிலிருந்து செய்யும் ஒடியல் மாவும் பனாட்டும் கொடுத்தார், அத்தை கருவாடும் எனக்கொரு புடவையும் கொடுத்தனுப்பினார். இரவு முழுவதும் சிலுவைப்பாதைக்குப் பின் மணலில் உட்கார்ந்து பேசினார்கள் என்றும், பேச்சு இறுதியில் இழுவை மடிக்கு வந்து சற்றுச் சூடானது என்றும் பின்னர் இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள்.

2024 பிப்ரவரியில், கைதான சில படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து இராமேஸ்வரம் மீனவர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள். டீச்சர் போனார், அத்தை வரவில்லை. ஒடியல் மாப் பொதி வெள்ளவத்தைக்கே திரும்பி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அத்தையை வாட்ஸ்அப்பில் அழைத்துக் கைபேசியை டீச்சரிடம் கொடுத்தேன். படகு முதலாளிக்குக் கடன், கடனைக் கட்ட டீசல், டீசலுக்கு ஏற்ற மீன் எங்கள் பக்கத்தில் இல்லை, மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது என்று அத்தை வரிசையாகச் சொன்னார். டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, தம் அண்ணன் மகனின் அறுந்த வலையின் விலையைச் சொன்னார், அதற்கு யார் பொறுப்பு என்றும் கேட்டார். அத்தையிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த ஆண்டு வருவீர்களா என்று டீச்சர் கேட்டதற்கு, அதைப் படகுச் சங்கம்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் கருவாட்டை இப்போதிருந்தே எடுத்து வைக்கிறேன் என்றார் அத்தை.