வீட்டுக்குக் கொடுக்கல

"சரி மேடம், இனி வீட்டுக்குக் கொடுக்கல. இங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும்" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். நான் தில்லியில் ஒரு பள்ளி நூலகர். தலித் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் பாமாவின் 'சங்கதி' நாவலைப் பற்றிய பேச்சு. மகள் ஒன்பதாம் வகுப்பு. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து இந்த நாவலையும் சுகிர்தராணியின் இரண்டு கவிதைகளையும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையையும் நீக்கியதை எங்கோ படித்துவிட்டு, தானாகத் தேடி வந்து எடுத்துப் போனவள். தில்லியில் பிறந்த பிள்ளை தமிழ் நாவல் கேட்டு வருவது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தெரியும்.

"தமிழ் வரணும்னுதான் இங்க சேர்த்தோம். இந்தக் கெட்ட வார்த்தை எல்லாம் கத்துக்கவா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் வாதாடியிருப்பேன். கவலையோடு கேட்டார். அடி வாங்கும் பெண்கள் திருப்பித் திட்டுகிற சொற்கள் அவை, அதையும் பிடுங்கிவிட்டால் அவர்களிடம் வேறென்ன இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பெற்ற தாயிடம் அதைச் சொல்ல நான் யார் என்றும் தோன்றியது.

ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய மாநில அரசே காரணம் சொல்லி அறிவிக்கை வெளியிட வேண்டும். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைப் படிக்க யாருக்கும் கட்டாயமில்லை என்றது. என் மேசையில் ஒரு ஸ்டிக்கர் போதுமாக இருந்தது. 'ரெஃபரன்ஸ்', அதாவது இங்கேயே படிக்க வேண்டியது, என்று ஒட்டி அலமாரி மாற்றினேன். ரெஜிஸ்டரில் புத்தகம் இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவேன். இதைத் தடை என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஒரு லைப்ரரி பீரியடில் எத்தனை பக்கம் படிக்க முடியும்? அந்த மாணவி 'சங்கதி'யைக் கேட்கவில்லை. வேறு புத்தகம் எடுத்துக்கொண்டு போனாள்.

புகாரை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்கிறார் எங்கள் தமிழாசிரியர். எழுத்தில் வந்தால் முதல்வரிடம் போகும், அப்புறம் நிர்வாகக் குழுவுக்கு. அங்கே யாரும் நாவலைப் படிக்கப் போவதில்லை. எதற்கு வம்பு என்று புத்தகத்தையே எடுத்துவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அதே சமயம், எழுதச் சொல்லியிருந்தால் அந்த அம்மா எழுதாமலே போயிருக்கவும் கூடும். எழுதியிருந்தால் மறுத்துப் பேச ஒரு காரணமாவது காகிதத்தில் இருந்திருக்கும்.

போன வாரம் ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாமா என்று தமிழாசிரியரிடம் கேட்டேன். "அந்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கு?" என்று அவரே திருப்பிக் கேட்டார்.