“ஒரு நிமிஷம் பொறுத்துக்கோம்மா”

நேற்று தருமபுரியில் என் தங்கைக்குக் காப்பர்-டி (கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம்) போட்டார்கள். வெளியே வந்தபோது முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. பாலக்கோடு பஸ்ஸில் வழி முழுக்க என் தோளில் சாய்ந்தபடியே வந்தாள்.

மரத்துப்போக ஊசி போடுவீங்களா என்று கேட்டிருக்கிறாள். “பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?” என்றார்களாம். அவளுக்கு நாள் குறித்துச் செய்த சிசேரியன். சுகப்பிரசவம் ஆகாத பெண்களுக்குக் காப்பர்-டி போடும்போது வலி கூடுதலாகவே இருக்கும்.

ஊசி போடாததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசியே சுருக்கென்று எரியும், மரத்துப்போகச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், வெளியே வரிசை நிற்கிறது. இதெல்லாம் சரி. ஆனால் கர்ப்பப்பை வாய்க்கு உணர்ச்சியே கிடையாது என்ற பழைய நம்பிக்கையை எப்படி ஏற்பது? அங்கே நரம்புகள் இருக்கின்றன. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, இந்த வலியைக் குறைக்க லிடோகெய்ன் (இங்கே லிக்னோகெய்ன் என்கிறோமே, அதேதான்) உதவலாம், பெண்ணிடம் முன்கூட்டியே பேசுங்கள் என்கிறது.

1980-கள் வரை பச்சைக் குழந்தைகளுக்கே போதிய மயக்க மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள், வலி தெரியாது என்று நம்பி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

காப்பர்-டியின் நூல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அவளோடு உள்ளே போவேன்.