எங்கள் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை வாங்கிய அனுபவம்

என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்த ஒரு வேலை அவள் நான்காம் வகுப்புக்குப் போன பிறகுதான் முடிந்தது. அதை எழுதி வைக்கச் சொல்லி பக்கத்து ஊர்ப் பெற்றோர் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அவர்கள் பள்ளியிலும் இதே நிலைமை. அதனால்தான் எழுதுகிறேன்.

2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். எங்கள் பள்ளிக்கும் வந்து பார்த்தார்கள். இரண்டு வகுப்பறை கொண்ட கான்கிரீட் கட்டடம், கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிப் பூட்டிவிட்டார்கள். அது சரியான முடிவு, அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் பூட்டியதோடு நின்றுவிட்டது. 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு, எல்லோரும் பக்கத்திலிருந்த பழைய ஓட்டுக் கட்டடத்தின் ஒரே கூடத்தில். ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்பு பாட்டுப் பாடும், இன்னொரு மூலையில் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்குப் போடும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் வர வைக்கும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்துச் செயல்பாடு செய்ய வேண்டும். அதற்கு அந்தக் கூடத்தில் இடமே இல்லை.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தார்கள். 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன், தலைமை ஆசிரியை "நீங்க எழுதுவீங்க படிப்பீங்க, வாங்கம்மா" என்று கேட்டதும் சரி என்றேன். முதல் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தீர்மானப் புத்தகத்தில் "பள்ளிக்குப் புதிய கட்டடம் கட்டித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று ஒரே வரி எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுத்தோம். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, கடிதம் போக வேண்டிய இடமே வேறு. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர்களும் பாடமும் கல்வித் துறைக்குக் கீழே, கட்டடமும் இடமும் ஊராட்சி ஒன்றியத்துக்குக் கீழே. அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். இரண்டு அலுவலகமும் ஒரே ஊரில் இருந்தாலும் துறை வேறு, ஒரு இடத்தில் கொடுத்த காகிதம் இன்னொரு இடத்துக்குத் தானாகப் போகாது. எனக்கு இதை யாரும் முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது விஷயத்தைச் சொன்னது ஒன்றியத்திலிருந்து வேறு ஒரு வேலைக்காக ஊருக்கு வந்த ஓவர்சியர் ஒருவர். அவரை டீக்கடையில் பார்த்து, "சார், பள்ளிக்கூடக் கட்டடம் எப்ப சார் வரும்?" என்று கேட்டேன். "பழசை இடிச்சீங்களா? இடிக்கிறது ஒரு கோப்பும்மா, கட்டுறது இன்னொரு கோப்பு. இடிச்சாத்தானே இடம் காலி? நீங்க ரெண்டையும் ஒரே வரியில எழுதினா யார் மேசைக்கு அனுப்புறதுன்னே தெரியாது" என்றார். மொத்த அனுபவத்தில் எனக்கு மிகவும் உதவிய பேச்சு அதுதான். அந்தத் தம்பிக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் தனித்தனியாக எழுதினோம். முதலாவது, பழுதான கட்டடத்தின் நீளம், அகலம், எந்த வருடம் கட்டியது, எந்தத் தேதியில் பூட்டப்பட்டது, அதைப் பொறியாளர் ஆய்வு செய்து இடிக்க வேண்டும் என்று. கட்டிய வருடம் சுவரில் பதித்த கல்வெட்டில் இருந்தது, நீள அகலத்தை என் தையல் நாடாவால் நானும் தலைமை ஆசிரியையும் அளந்தோம். இரண்டாவது, மாணவர் எண்ணிக்கையைப் போட்டு இரண்டு வகுப்பறை வேண்டும் என்று. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது மேலாண்மைக் குழுவின் வேலை என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் திட்டத்திலும் இவற்றைச் சேர்த்தோம். அடுத்து கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் அந்த இடம் பள்ளிக்கூடம் என்றே இருப்பதற்கு ஒரு நகல் வாங்கினோம். அது ஒரே நாளில் கிடைத்துவிட்டது.

2022 ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதே இரண்டு தீர்மானத்தையும் கொண்டுபோனோம். கிராம சபைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள், எத்தனையாவது தீர்மானம் என்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், பிறகு என்ன எழுதினார்கள் என்று நமக்குத் தெரியாது. நாங்கள் பெண்கள் பன்னிரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம், தலைவரம்மா முதலில் கொஞ்சம் தயங்கினாலும் செயலரை எழுதச் சொல்லி, அவரே சத்தமாக வாசித்தார்.

அப்படியும் அக்டோபர் வரைக்கும் பதில் இல்லை. போய்க் கேட்டால் "மேலே அனுப்பியிருக்கு" என்பார்கள், மேலே என்றால் எங்கே என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு தடவை தையலை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், மதியம் வரை நின்று திரும்பி வந்தேன். உண்மையிலேயே அழுகை வந்தது. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, பதிவு அஞ்சல், அவ்வளவுதான். ஏன் கட்டவில்லை என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் அது தகவல் இல்லை என்று சொல்லிவிடலாம். இந்தத் தேதியிட்ட கிராம சபைத் தீர்மானம் இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, அதன்மீது எந்தத் தேதியில் என்ன குறிப்பு எழுதப்பட்டது, அதன் நகல் வேண்டும் என்று கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், 26-வது நாள் வந்தது. இடிப்பதற்கான மதிப்பீடு தயாரிக்க வேண்டியிருக்கிறது என்று அதில் இருந்தது. அடுத்த வாரமே பொறியாளர் வந்து அளந்தார். இடிக்க அனுமதி கிடைத்து, பழைய கம்பி, கதவு, சன்னலுக்கெல்லாம் ஏலம் விட்டு, 2023 ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரம் கட்டடம் இடிந்தது. அதன் முன்னால் நின்று பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே படித்தவர்கள், என் கணவரும்தான்.

இடித்ததோடு புதுப் பிரச்சினை. இயந்திரம் அதிர்ந்ததில் ஓட்டுக் கூடத்தின் சுவரிலும் விரிசல் விழுந்தது. பிள்ளைகளை ஊராட்சியின் சேவை மையக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நல்ல கட்டடம்தான், மின்விசிறி இருக்கிறது. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. பள்ளி வளாகத்தில் இருக்கும் கழிப்பறைக்கு வர வேண்டுமானால் பஸ் போகும் சாலையைக் கடக்க வேண்டும்.

என் மகள் காலையில் கொண்டுபோன தண்ணீர்ப் புட்டியை அப்படியே முழுசாகத் திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு நாள் அவள் தோழியின் அம்மாவும் இதையே சொன்னபோதுதான் புரிந்தது, பெண்பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர் குடிப்பதையே விட்டிருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைகள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே அம்மாக்கள் சேர்ந்து பேசினோம். காலை இடைவேளை, மதியம், மாலை இடைவேளை என மூன்று நேரமும் இரண்டு அம்மாக்கள் சாலையில் நின்று பிள்ளைகளைப் பத்திரமாகச் சாலை தாண்ட வைப்பது என்று முறை வைத்தோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களால் காலையில் வர முடியாது, அவர்களுக்கு மாலை முறை. ஒரு பாட்டி தினமும் தானாகவே வந்து நின்றார். மழை, வெயில் எதற்கும் விடவில்லை. இப்படி ஒரு வருடத்துக்கும் மேலே ஓடியது, ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஆறு பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எந்தப் பெற்றோரும் பயப்படத்தான் செய்வார்கள். மற்றவர்களைப் பிடித்து நிறுத்தியது காலை உணவு. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அந்தத் திட்டம் வந்தது. சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். எங்கள் பள்ளியில் சமைக்கும் அக்காவின் மகன் மூன்றாம் வகுப்பு. விடியற்காலையில் எழுந்து வந்து, பழைய சத்துணவுக் கூடத்தில் கிச்சடியும் பொங்கலும் செய்து, சாலை தாண்டிக் கொண்டுபோய்ப் பரிமாறுவார். காலையில் வயலுக்குப் போகிற வீடுகளில் பிள்ளை சாப்பிட்டதா என்ற கவலை போனது. அதனால் வருகையும் கூடியது.

கட்டடத்துக்கு வருகிறேன். ஒன்றியப் பள்ளிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறை வழியாகக் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதில் எங்கள் பெயர் வந்தது. இடம் காலியாக இருந்ததும், நிலத்தின் காகிதம் கையில் இருந்ததும்தான் உடனே சேர்த்ததற்குக் காரணம் என்று பிறகு சொன்னார்கள். இரண்டு வகுப்பறைக்கு 30 லட்சத்துக்கு மேல். செப்டம்பரில் கடைக்கால் தோண்டினார்கள், அடுத்த மாதமே மழை பிடித்துக்கொண்டது, குழியில் தண்ணீர் நின்றது. தை பிறந்த பிறகுதான் சுவர் எழும்பியது. நாங்கள் வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்தோம். பூச்சு வேலைக்குத் தண்ணீர் விடாமல் விட்டிருந்ததைப் பார்த்து, மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு கொத்தனார் அப்பா மேஸ்திரியிடம் பேசினார், அன்றிலிருந்து அந்த அப்பாவே சாயங்காலம் வந்து குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டார். கூலி எதுவும் வாங்கவில்லை.

வேலை முடியும் நேரத்தில் நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டது, 2024 மார்ச் 16. திறக்க முடியாது. வெயில் காரணமாக அந்த வருடம் பள்ளி திறந்ததே ஜூன் 10-ல்தான். அதற்குள் தேர்தல் முடிந்துவிட்டதால் முதல் நாளே பிள்ளைகள் புது வகுப்பறைக்குப் போனார்கள். முதல் நாள் என் மகள் வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து புட்டியைக் காட்டினாள். காலியாக இருந்தது.

வேனில் போன ஆறு பேரில் நான்கு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் புதிதாகப் பதினொரு பேர் சேர்ந்தார்கள். மொத்தம் 47. ஆகஸ்டில் மேலாண்மைக் குழுவைத் திரும்ப அமைத்தபோது நான் மறுபடியும் சேர்ந்தேன். இப்போது மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், அதனால் பெற்றோர் என்ற முறையில் என் இடம் முடிகிறது. தீர்மான நகல்கள், தகவல் மனுவின் பதில், அ-பதிவேட்டு நகல், அஞ்சல் ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, காலை உணவு சமைக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஓட்டுக் கூடத்தின் விரிசல் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கான முதல் தீர்மானத்தைப் போன வெள்ளிக்கிழமை அவர்தான் எழுதினார். நீளம், அகலம், தேதி எல்லாம் போட்டு எழுதியிருந்தார்.