அப்பாவின் பாய்லர்

அப்பா நேவியில் இருந்தவர் என்று சொன்னால் எல்லோரும் வெள்ளை உடுப்பையும் நீலக் கடலையும்தான் நினைப்பார்கள். அப்பா கடலைப் பார்த்து வேலை செய்தவர் இல்லை. அவர் ஸ்டோக்கர். கப்பலின் அடிவயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே, பாய்லர் நெருப்பைக் காக்கிற வேலை. "கடலைப் பாக்கணும்னா லீவு போட்டு மணப்பாட்டுக்குத்தான் வரணும்" என்பார். மணப்பாடு எங்கள் ஊர்.

1964-ல் 17 வயதில் சேர்ந்தார். பயிற்சி லோனாவாலாவில், ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில். மணல்மேட்டில் சிலுவைக் கோயில் நிற்கிற ஊரில் பிறந்து, மூன்று பக்கமும் அலைச்சத்தம் கேட்டு வளர்ந்த பையன் கப்பல் வேலையைக் கற்றுக்கொண்டது மழை கொட்டும் ஒரு மலையூரில். அங்கே பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் ஒரு மலையாளி. அப்பாவுக்கு இந்தியும் சீட்டாட்டமும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

1971 பாகிஸ்தான் போரின்போது அப்பா இருந்தது விக்ராந்த் விமானம்தாங்கிக் கப்பலில். அந்தக் கப்பலின் பாய்லர்களில் தண்ணீர் டிரம்மில் வெடிப்பு இருப்பது அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்துவிட்டது. வெல்டிங் வைத்துச் சரிசெய்யக்கூடிய வெடிப்பும் இல்லை. முழு அழுத்தம் கொடுக்கக் கூடாது, வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் மேலே தளத்திலிருந்து விமானம் எழும்ப எதிர்காற்று வேண்டும். டிசம்பர் மாதத்து வங்கக் கடலில் காற்று மந்தமாக இருந்தால் கப்பல் ஓடுகிற வேகம்தான் காற்று. அந்த வேகத்தைத் தர வேண்டியவர்கள் வெடிப்பு விட்ட பாய்லருக்கு முன்னால் நின்றவர்கள்.

அப்பா இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே மாட்டார். நெருப்பின் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார். நெருப்புக்குக் காற்று குறைந்தால் புகை கறுக்கும். கறுத்த புகை தூரத்தில் இருப்பவனுக்குக் கப்பலைக் காட்டிக்கொடுக்கும். காற்று கூடினால் வெள்ளைப் புகை வரும், எண்ணெயும் வீண். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. அம்மா விறகடுப்பில் மீன் குழம்பு வைத்தால் வாசலில் இருந்தபடியே "காத்து பத்தல பாரு" என்பார். அம்மா ஊதுகுழலை எடுப்பாள்.

டிசம்பர் 4 காலை விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் காக்ஸ் பஜாரையும், அன்று பிற்பகலே சிட்டகாங்கையும் தாக்கின. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கு மேலே விமானத்தை உந்தி எழுப்பும் கேடபுல்ட் இழுக்கிற அதிர்ச்சி மட்டும்தான். ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் ஒரு பிரியதத்தம் சொன்னாராம். இப்போதைய 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் பழைய வடிவம் அது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அவருடைய ஆத்தா சொல்லிக்கொடுத்தபடியே கடைசிவரை சொன்னார். கோயிலில் எல்லோரும் புதியதைச் சொல்லும்போது அவர் உதடு மட்டும் வேறு மாதிரி அசையும். போன விமானம் திரும்பி வந்து இறங்கும்போது இன்னொரு பிரியதத்தம். பாய்லர் அறைச் சூட்டில் ஜெபமாலையைக் கையில் பிடிக்க முடியாது, விரலை மடக்கித்தான் எண்ணிக்கை.

டிசம்பர் 9 அன்று அரபிக்கடலில், டையூவுக்கு அப்பால், நம் கடற்படையின் குக்ரி கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. லோனாவாலாவில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மலையாளி நண்பரும் அதில் போய்விட்டார். அது அப்பாவுக்குத் தெரியவந்தது போர் முடிந்த பிறகு.

என் அக்கா பிறந்த செய்தியும் அப்படித்தான். நவம்பரில் பிறந்தாள். அம்மா பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதிய இன்லண்டு கடிதம் ஜனவரியில்தான் அப்பா கைக்குக் கிடைத்தது. குழந்தை பிறந்ததும் நண்பன் இறந்ததும் ஒரே வாரத்தில் தெரிந்தது என்று ஒரே ஒரு முறை சொன்னார். அந்த வாரத்தைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் ஒருவன், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து 1540-ல் எங்கள் ஊர் மணல்மேட்டில் நட்டான் என்பது ஊர்வழக்கு. அம்மாவும் அங்கேதான் நேர்ச்சை வைத்திருந்தாள். அப்பா லீவில் வந்ததும் கைக்குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு முழங்காலிலேயே மேடேறினாள். அப்பா பின்னால் நடந்து வந்தார், அழுதுகொண்டே. இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1979-ல் 15 வருடப் பணி முடிந்து வந்தார். அதே ஆண்டு தூத்துக்குடி அனல் மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கேயும் பாய்லர்தான். இரவு ஷிப்ட் முடிந்து நேராகப் பனிமய மாதா கோயில் காலைப் பூசைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சட்டையில் கரி வாசம் இருக்கும். அந்த வாசத்தில்தான் நானும் அக்காவும் பள்ளிக்குக் கிளம்பினோம்.

ஓய்வு பெற்று மணப்பாட்டுக்கே திரும்பிய பிறகு அவர் செய்த வேலைதான், என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையிலேயே பெரியது. சுற்றுவட்டாரத்தில் முன்னாள் படைவீரர்களின் விதவைகள் பலர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, சர்வீஸ் ரெக்கார்டில் எவரோ எழுதிய எழுத்துப் பிழையோடு இன்னொன்று. மூன்றும் ஒன்றுதான் என்று நிரூபிக்கும்வரை குடும்ப ஓய்வூதியம் வராது. ஒரு அம்மாளுக்கு நான்கு வருடம் இழுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் கேட்பார்கள். அப்பா பங்குக் கோயில் பதிவேட்டிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கி, நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அந்த அம்மாளைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போவார். இவ்வளவு வயதுக்கு மேல் அலைய வேண்டுமா என்று கோபப்பட்டேன். "கீழ நிக்கிறவன் விட்டுட்டா மேல ஒண்ணும் எழும்பாது எய்யா" என்றார்.

பழைய விக்ராந்தை 2014-ல் உடைக்க எடுத்தபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2016-ல் அந்த இரும்பைக் கலந்து பஜாஜ் 'வி' பைக் வந்தது. தெருப்பையன் ஒருவன் வாங்கி வந்தான். அப்பா அதன் பெட்ரோல் டாங்க்கில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பையன் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். 2022 செப்டம்பரில் கொச்சியில் புதிய விக்ராந்த் பணியில் சேர்ந்ததை டிவியில் காட்டியபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பாய்லர் எத்தனை?" கேஸ் டர்பைன், பாய்லரே இல்லை என்றேன். "நல்லது. பிள்ளைங்க சூட்டுல நிக்க வேண்டாம்" என்றார்.

போன ஜனவரியில் தூக்கத்தில் போய்விட்டார்.

வருடம் தவறாமல் டிசம்பர் 9 அன்று ஒரு பூசைக்குக் கொடுப்பார். யாருக்காகப் பூசை என்று கருத்து எழுதும் தாளில் நண்பரின் பெயரை எழுத மாட்டார். 'குக்ரி கப்பலில் இறந்த அனைவருக்காகவும்' என்று எழுதுவார். அதற்குக் கீழே, 'காஸி கப்பலில் இறந்த அனைவருக்காகவும்'. காஸி, விக்ராந்தைத் தேடி வந்து விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி. அதில் இருந்தவர்களுக்குமா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அதுலயும் எஞ்சின் ரூம் இருந்திருக்கும்ல" என்றார்.

இந்த டிசம்பரில் பங்கு அலுவலகத்துக்கு நான் போனேன். இரண்டு வரியையும் எழுதிவிட்டு மூன்றாவதாக அப்பாவின் பெயரை எழுதப் போனேன். கூட வந்திருந்த அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அது அவங்க நாளு எய்யா. அப்பாவுக்கு ஜனவரியில குடுப்போம்."

பேனாவை மூடிவிட்டுத் தாளைக் கொடுத்தேன்.