இடவப்பாதியில் பீத்துணி

வயிற்றில் பிள்ளை இருந்தபோது, பிள்ளை பெற்றவர்கள் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். தூக்கம் போகும் என்றார்கள். முதுகு வலிக்கும் என்றார்கள். காரணமே இல்லாமல் அழுகை வரும் என்றார்கள். எல்லாம் வந்தது. ஆனால் துணி காயாது என்று ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் யாரும் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கத்தில் ஜூன் மாதம் கைப்பிள்ளையோடு இருந்திருக்க மாட்டார்கள்.

சொன்னது என் பாட்டி, அம்மச்சி ஒருத்திதான். பிரசவம் மே கடைசியில் என்று டாக்டர் தேதி குறித்துக் கொடுத்த அன்றைக்கே, "இடவப்பாதியில்லா வருது? பீத்துணி எங்க கொண்டு ஒணக்குவிய?" என்று கேட்டாள். இடவப்பாதி என்றால் ஜூனில் தொடங்குகிற எங்கள் மழைக்காலம், ஒணக்குவது என்றால் காயப்போடுவது. கேட்டதோடு விடாமல் பெட்டியைத் திறந்து தன்னுடைய பழைய பாலராமபுரம் முண்டுகளையும் மேலே போர்த்துகிற கவணிகளையும் எடுத்துக் கிழிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் ஏற்கெனவே கடையில் முக்கோண நாப்பிகள் வாங்கி அடுக்கி வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு வாத்து படம். நடுவில் கனமான மடிப்பு வைத்துத் தைத்திருப்பதால் மழையில் இரண்டு நாள் தொங்கினாலும் அந்த மடிப்பு மட்டும் காயவே காயாது. அம்மச்சியின் முண்டுத் துண்டு ஒற்றைத் துணி. நனைந்தால் எடுத்துப் பிரித்துப் போட வேண்டியதுதான், காற்று முழுசாகப் படும். பல வருசம் துவைத்து நைந்த கைத்தறி என்பதால் பிள்ளையின் தோலிலும் உரசாது. வாத்துகள் அலமாரியில் தூங்கின.

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்க்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். எங்களுக்கு இரண்டு மழை. ஜூன் முதல் வாரத்தில் இடவப்பாதி தொடங்கினால் ஆடி வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு ஐப்பசியில் துலாமழை. அதிலும் திருவட்டாறு, குலசேகரம் பக்கம் மலை கிட்டத்தில் இருக்கிறது, சுற்றி ரப்பர் தோட்டம். மழை நின்ற பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். முற்றத்தில் வெயில் விழுவதே பத்து மணிக்கு மேல்தான். அதற்குள் அடுத்த மழை இருட்டிக்கொண்டு வந்துவிடும்.

மகள் பிறந்தது மழை தொடங்குவதற்கு நாலைந்து நாள் முன்னால். முதல் இரண்டு நாள் கறுப்பாக, தார் மாதிரி ஒட்டுகிற காட்டுப்பீ. அப்புறம் மஞ்சள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்குத் தண்ணியாகத்தான் போகும், வயிற்றுப்போக்கு என்று பயப்பட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பால் குடித்தால் போவாள், போனால் அழுவாள், அழுதால் குடிப்பாள். துணி துவைக்கிற அலக்குகல்லில் அம்மா இருப்பாள், அடுப்படியில் சித்தி நான் குளிக்க வேது தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டிருப்பாள். சாய்ப்புக் கூரையடி, வராந்தா, மச்சுப்படி, ஜன்னல் கம்பி என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துண்டுகள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "பால் இருக்கா?" இருக்கு என்றால் நம்ப மாட்டார்கள். "பின்ன ஏன் பிள்ள அழுவுது? டின்னு பால் குடுத்துப் பாரு." மீன் தின்னால் பால் ஊறும் என்று அம்மா அயலையும் சாளையும் தேடினாள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்தில் போகிறவர்கள் பிடித்துவருவது மட்டும்தான் சந்தைக்கு வரும், அதுவும் யானை விலை. கிடைத்த நாளில் பூண்டும் குருமிளகும் அரைத்து வைப்பாள். கிடைக்காத நாளில் முருங்கையிலை. இரண்டு நாளிலும் பால் ஒரே மாதிரிதான் இருந்தது. குழம்பு ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பால் சந்தேகத்தைத் தீர்த்தது எங்கள் துணிக்கொடிதான். தடுப்பூசிக்காக ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, எனக்கே பயம் தொற்றிவிட்டிருந்ததால் நர்சம்மாவிடம் கேட்டேன். அவர் பிள்ளையை எடை போட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கா?" என்றார். அம்மா முந்திக்கொண்டு, "நனைக்காளா? கொடியில எடமில்ல" என்றாள். ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போய், எடையும் கூடிக்கொண்டு வந்தால் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம், வேறு எதுவும் பார்க்க வேண்டாம் என்றார். அன்றைக்கு முதல் யாராவது டின் பாலைப் பற்றி ஆரம்பித்தால் அம்மா அவர்களைச் சாய்ப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆரம்பித்தாள்.

அப்பா ரப்பர் விவசாயி. சொந்தத் தோட்டம் சின்னதுதான், பால்வெட்டும் அவரேதான். வெயில் ஏறாத நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். மழையில் வெட்ட முடியாது. பால் பட்டையில் பரவி வழிந்து, சிரட்டையில் விழுவது மழைத்தண்ணியோடுதான் விழும். வெட்டுச்சால் மேலே பிளாஸ்டிக் கட்டி மழையிலும் வெட்டுகிறவர்கள் உண்டு. அப்பா கட்டுவதில்லை, மரத்துக்கும் ஓய்வு வேண்டும் என்பார். அதனால் மழைக்காலத்தில் அவர் வீட்டில்தான்.

ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ரப்பர் ஷீட்டுகள் காயாமல் பூசணம் பிடிப்பதைப் பார்த்து அவர் கவலைப்பட, துணிகளைப் பார்த்து நான் கவலைப்பட, ஒரே வராந்தாவில் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். (இதற்கு நடுவில் ஒன்று. வருசம் முழுக்க ரப்பர் ஷீட் அடித்து விற்கிற வீடு இது. பிள்ளைக்கு அடியில் விரிக்கிற ரப்பர் ஷீட்டை மருந்துக்கடையில் காசு கொடுத்துதான் வாங்கினோம். அப்பாவுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.)

ஒரு நாள் அப்பா, "புகைப்புரையில கொண்டு போடட்டா? ராத்திரிக்குள்ள காஞ்சிரும்" என்றார். ஷீட்டுக்காகத் தீ மூட்டியிருந்த அறை. காய்ந்திருக்கும்தான். ஆனால் பிள்ளை இருக்கிற இடத்தில் சாம்பிராணிகூட வேண்டாம், புகை அவள் நெஞ்சுக்கு ஆகாது என்று குழந்தை டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அந்தத் துணி போட்டால் பிள்ளை புகை போட்ட நாலாம் நம்பர் ரப்பர் ஷீட் வாசனை அடிப்பாள் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். அப்பா முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தன் வேட்டியையே தேய்க்காத மனிதர். அரை ஈரமாக இருக்கிற துண்டுகளை ஒவ்வொன்றாக ஆவி பறக்கத் தேய்த்து, நாலாக மடித்து அடுக்கினார். அன்றிலிருந்து அது அவர் வேலை ஆனது. சூடாக ஒரு துணியை எடுத்துப் பிள்ளைக்குக் கட்டும்போது அவள் காலை நீட்டிச் சிணுங்குவதை நிறுத்துவாள். அதைப் பார்க்கவே அவர் தேய்த்த மாதிரி இருந்தது.

மழைக்காலம் என்றால் கரண்ட் போகும். ரப்பர் கிளை ஒன்று லைனில் விழுந்தால் அரை நாள், சில சமயம் ஒரு நாள். வாஷிங் மெஷின் டிரையர் வாங்குங்கள் என்று நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் போனில் சொல்வார். கரண்ட் இல்லாத வீட்டில் அதற்குள் என்ன போட, கோழி அடைக்கவா? அப்பா மச்சில் ஏறி, தாத்தா காலத்துச் சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டியை இறக்கினார். முற்றத்துத் திண்ணையில் சிரட்டையைக் கனலாக்கி, பெட்டிக்குள் போட்டு, வாயால் ஊதாமல் விசிறியால் வீசிச் சூடேற்றுவார். எங்கேயாவது ஒரு கரித்துளி விழுந்து துண்டில் பழுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளித் துணிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, நல்ல துணி என்று இங்கே வீட்டுக்காரர் ஊரிலும் அவற்றைத்தான் முதலில் எடுக்கிறேன்.

டயப்பர் பற்றிக் கேட்பீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வருவார். இரவுக்கு ஒன்று கட்டிவிட்டால் நான் இரண்டு மணி நேரம் சேர்ந்து தூங்கலாம். அதில் எனக்குக் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை. தூங்காத அம்மாவால் பிள்ளைக்கு என்ன லாபம்? பிரச்சினை அதைக் கட்டுவதில் இல்லை, கழற்றிய பிறகு. எங்கள் பக்கம் குப்பை எடுக்க வருகிறவர்கள் அதை வாங்க மாட்டார்கள். எரிக்கலாம் என்றால் மழையில் எரியாது, எரிந்தாலும் பிளாஸ்டிக் புகை. ஆற்றங்கரையில் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள், கோதையாற்றில் குளித்து வளர்ந்தவளுக்கு அதைச் செய்ய மனசு வருமா? அப்பா தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார். பெரிய மழை ஒன்று பெய்து குழி நிரம்பியபோது உள்ளே இருந்த ஜெல் எல்லாம் ஊதி, ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சி ஊற்றியதுபோல ரப்பர் மரத்தடியைச் சுற்றி மிதந்தது. ஈரத்தை உறிஞ்சத்தானே அதைச் செய்திருக்கிறார்கள், பிள்ளை மூத்திரம் எது, இடவப்பாதி எது என்று அதற்குத் தெரியுமா. அதற்கு அப்புறம் இரவு ஒன்று, அவ்வளவுதான் என்று எனக்கு நானே ரேஷன் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை பாக்கெட்டோடு வருகிறவர், ஞாயிறு சாயங்காலம் பழையதைப் பையில் கட்டி நாகர்கோவிலுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும், அங்கே வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி வருகிறது. பைக்கில் அந்தப் பையோடு அவர் போவதைப் பார்க்க அம்மச்சி வாசலில் வந்து நிற்பாள்.

நடுவில் தொடை இடுக்கில் சிவந்து தடித்தது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், டயப்பர்தான் என்று அம்மா, சோப்பு சரியாகப் போகவில்லை என்று சித்தி. டாக்டர் இரண்டையும் விட்டுவிட்டார். துணியோ டயப்பரோ, ஈரம் நின்றால் இப்படித்தான், நனைந்ததும் மாற்றுங்கள், தினமும் கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் காற்றாடப் போடுங்கள், பவுடர் மட்டும் வேண்டாம் என்றார். துணி அலசுகிற தண்ணியில் டெட்டால் ஊற்றுவதையும் நிறுத்தச் சொன்னார். அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை, டெட்டால் பாட்டிலைச் சித்தி ஒளித்து வைத்துத்தான் நிறுத்தினோம்.

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரர் ஊருக்கு வந்தேன். ஆரல்வாய்மொழி. திருவட்டாற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது, ஒரே மாவட்டம், ஆனால் வேறு தேசம். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வருகிற காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. வந்த அன்றைக்குத் துவைத்து மொட்டைமாடியில் போட்டுவிட்டுக் கீழே வந்து, பால் கொடுத்து, திரும்பப் போய்ப் பார்த்தால் எல்லாம் காய்ந்து விறைத்து நின்றன. கொடியில் பாதிதான் இருந்தன. மீதி, பக்கத்து வீட்டுத் தென்னையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி மேலே ஒன்று, தெருவில் ஒன்று. மாமா தோவாளைச் சந்தைக்குப் பூக் கொண்டு போகிறவர். காலையில் திரும்பி வரும்போது அம்மச்சியின் முண்டுத் துண்டு ஒன்றைப் பூக்கூடையில் போட்டு எடுத்து வந்தார். பஞ்சாயத்து ஆபீஸ் வேலியில் கிடந்ததாம். அன்றைக்கு அதில் பிச்சிப்பூ வாசனை.

துணி காய்ந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். இங்கே அத்தைக்குக் காற்றுதான் எதிரி. பிள்ளை காதில் காற்று ஏறப்பிடாது. வாசல் பக்கம் போனால் தொப்பி, ஜன்னல் திறந்தால் தொப்பி. புழுக்கத்தில் தலை வியர்த்துக் கொட்டினாலும் தொப்பி. டயப்பரை அவர்கள் தொடவே மாட்டார்கள். "எங்க காலத்துல இதெல்லாம் கெட்டியா பிள்ள வளத்தோம்?" என்பார்கள். எங்கள் காலம் என்றால் இந்தக் காற்று அடிக்கிற காலம், அலசிப் போட்டால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். இடவப்பாதியில் திருவட்டாற்றில் ஒரு பிள்ளை பெற்றுப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வரும். சொல்வதில்லை.

இப்போது துலாமழை தொடங்கிவிட்டது. காற்று படுத்துவிட்டது, காற்றாலைகள் பாதி சுற்றாமல் நிற்கின்றன. மொட்டைமாடித் துணி சாயங்காலம் வரை ஈரம். அத்தை ஹாலில் கொடி கட்டினார்கள், பூ கட்டுகிற அறையில் ஒன்று கட்டினார்கள். அப்பாவின் இஸ்திரிப்பெட்டிக் கதையை மாமாவிடம் மெல்லப் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் வேலை செய்யவில்லை. போன வாரம் இவரிடம் எம் சைஸ் டயப்பர் இரண்டு பாக்கெட் வாங்கி வரச் சொன்னேன். அத்தை பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோவாளையில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தவர்கள், திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டு, "அதுல ஒண்ணு கெட்டி விடு, புதுச்சேலையாக்கும்" என்றார்கள்.