மைலேஜ் குறைந்தால் முதலில் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் தமிழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்தது. 2024 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்கள் 2 ரூபாய் குறைத்தன. அதற்குப் பிறகும் சென்னை விலை 100-க்குக் கீழே வரவில்லை. விலை நம் கையில் இல்லை. ஆனால் ஒரு லிட்டரில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதில் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது. 100, 110 சிசி பைக்கில் தினமும் வேலைக்குப் போய் வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 45 கொடுத்தால் மாதச் செலவு சுமார் 1,750 ரூபாய். 55 கொடுத்தால் 1,432. வித்தியாசம் 318 ரூபாய், வருடத்துக்கு 3,800 ரூபாய்க்கு மேல். வண்டியில் புதிதாக எதையும் மாட்டாமலே, கெட்டுப்போனதைச் சரிசெய்தாலே பல வண்டிகளில் இந்தப் பத்து கிலோமீட்டர் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் இப்போது எவ்வளவு கொடுக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். 100 ரூபாய்க்குப் போட்டு, ரிசர்வ் விழும்வரை ஓட்டிப் பார்ப்பது கணக்கே இல்லை. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலே டேங்கில் 200 மில்லி முன்னே பின்னே ஆகும். 1 லிட்டர் கணக்கில் அது 20 சதவீதப் பிழை, 5 லிட்டரில் 4 சதவீதம்தான். அதனால் டேங்கை நிரப்பி அளப்பதே சரி. சென்டர் ஸ்டாண்டு போட்டு, டேங்கின் கழுத்துக்குக் கீழ் விளிம்பு வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 5 லிட்டர் தீரும்வரை ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே விளிம்பு வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கழுத்துக்கு மேலே தளும்பத் தளும்ப நிரப்ப வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரிந்து வழியும்.

மைலேஜ் குறைந்தது என்று சொன்னதும் மெக்கானிக் திருப்புளியைக் கார்பரேட்டரில் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைப்பதுதான் வழக்கம். இது தலைகீழ் வரிசை என்பது என் உறுதியான கருத்து. இன்ஜின் கொடுக்கும் சக்தி சக்கரத்தில் வீணாகிக்கொண்டிருந்தால் கார்பரேட்டரில் எதைத் திருகியும் பயனில்லை.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். சில சுற்றாவது தானே சுற்ற வேண்டும். அரைச் சுற்றில் நின்றாலோ, 'சர்... சர்...' என்று ஒரே இடத்தில் உரசும் சத்தம் வந்தாலோ பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்சக்கரத்தையும் அப்படியே பாருங்கள். டிரம் பிரேக்கில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, பிரேக் ஷூவை விரித்து டிரம்மில் அழுத்தும் பிரேக் கேம் கிரீஸ் காய்ந்து இறுகி, மிதியை விட்ட பிறகும் ஷூ முழுதாகத் திரும்பாமல் இருப்பது. டிரம்மைக் கழற்றி, தூசியைத் துடைத்து, கேமில் துளி கிரீஸ் வைத்தால் சரியாகும். ஷூவில் மட்டும் கிரீஸ் படவே கூடாது.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. செயினை இறுக்கும்போது பின்சக்கரம் பின்னால் நகர்கிறது. அதோடு சேர்ந்து பிரேக் ராடும் இழுபடுகிறது. செயினை மட்டும் இறுக்கிவிட்டு பிரேக் நட்டைத் தளர்த்தாமல் விட்டால், அன்றிலிருந்து பிரேக் உரசிக்கொண்டே ஓடும். 'செயின் டைட் பண்ணின பிறகு மைலேஜ் போச்சு' என்ற புகாரில் பாதி இதுதான். செயின் வேலை முடிந்ததும் பிரேக் மிதியின் ஆட்டத்தைப் பாருங்கள்: பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் 20 முதல் 30 மி.மீ. வெறுமனே இறங்க வேண்டும்.

செயினையும் அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் 25 மி.மீ. அளவுக்கு ஆட வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே கடைசிச் சொல். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஒரு இடத்தில் விறைப்பாகவும் இன்னொரு இடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. இனி இறுக்கிப் பயனில்லை, செயின் ஓடும் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்ற வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இருபுறமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணில் நிற்கிறதா என்றும் பாருங்கள். கோணலாக நிற்கும் சக்கரம் டயரையும் தின்னும், பெட்ரோலையும் தின்னும். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம்: அதில் இரும்புத் தூள் இருக்கிறது.

அடுத்தது காற்று. பல 100 சிசி பைக்குகளுக்கு முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று கம்பெனி சொல்கிறது. பின்னால் ஆள் ஏறினால் இன்னும் கூட்ட வேண்டும். சரியான எண் செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். வண்டி ஓடி டயர் சூடான பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதனால் காலையில் கிளம்பியதும் பக்கத்திலேயே பாருங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை போதும். மைலேஜுக்காக 40, 45 என்று அடித்துக்கொண்டு தனியாக ஓட்டுவது மழைக்காலத்தில் ஆபத்து. டயர் தரையைப் பிடிக்கும் பரப்பு குறைந்துவிடும்.

இவ்வளவும் சரியான பிறகே இன்ஜின் பக்கம் போக வேண்டும். கிளட்ச் லீவரில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும்; இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. ஏர் ஃபில்டர் காகித வகையா, ஸ்பாஞ்சா என்று பாருங்கள். எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் கெட்டுவிடும், மாற்றவே வேண்டும். பிளக்கைக் கழற்றினால் முனை வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. மைலேஜ் கூடும் என்று கார்பரேட்டரில் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) மாட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டால் இந்த வெள்ளை பிளக்தான் கிடைக்கும்: இன்ஜின் சூடேறி வால்வு போகும், மிச்சப்படுத்தியதைப் போல் பல மடங்கு செலவாகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான். அவற்றில் திருக ஸ்க்ரூவே இல்லை.

ஸ்கூட்டரில் செயின் இல்லை. அங்கே பெல்ட்டும், வேகத்துக்கேற்ப கியர் விகிதத்தைத் தானே மாற்றும் வேரியேட்டரின் ரோலர்களும் தேய்கின்றன. ரோலர் ஒரு பக்கம் தட்டையானால் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகக் கத்தும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்பு. பழைய பைக்குகளுக்கு 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 50 கொடுத்த வண்டி 48 கொடுத்தால் அது இ20-ஆக இருக்கலாம். 40-க்கு இறங்கினால் வேறு கோளாறு இருக்கிறது, தேடுங்கள். மழையில் டேங்க் மூடியின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கும், இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடலாம்.

பங்கில் 100-க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற மாட்டோம், விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதெல்லாம் வீண். பெட்ரோல் தரைக்கடியில் உள்ள டேங்கில் இருக்கிறது, அதன் வெப்பம் பகலிலும் இரவிலும் பெரிதாக மாறுவதில்லை. மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையைக் கேளுங்கள். பங்கில் அது இருந்தாக வேண்டும். 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது, அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறையிடம் புகார் செய்யலாம்.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியை கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால் பெட்ரோல் போவதே நிற்கிறது. நியூட்ரலில் ஐடிலிங்குக்காகப் போய்க்கொண்டே இருக்கும். ஏற்காடு, கொல்லிமலை மாதிரிப் பாதைகளில் இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும்.